செலினுக்கு 'தேங்க் யூ' சொன்ன மிஷின்

டைம் ஆபீசுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஷிஃப்ட் கணக்கு, லீவு கணக்கு, ஓவர்டைம் எல்லாம் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். என்னைவிட நன்றாகவே சொல்வார்கள். நான் சொன்னால் நடுவில் ஏதாவது ஒரு கதை புகுந்துவிடும். அதனால் கதையை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

ஒருநாள் காலையில், நல்ல வெயிலில், செத்துப்போன பெண் ஒருத்தி நம் கேட் வழியாக வேலைக்கு வந்தாள். முகம் பார்க்கும் மிஷின் அவள் பெயரைக் காட்டியது. பச்சை விளக்கு எரிந்தது. "தேங்க் யூ" என்று குரலும் கொடுத்தது. தலை வழுக்கையாகும் வரை சர்வீஸ் போட்ட டைம் ஆபீசராகிய நான் உடனடியாக எடுத்த நிர்வாக நடவடிக்கை இது: துணி கோடவுனுக்குள் ஓடி, லைனிங் துணிக்கட்டுகளுக்குப் பின்னால் குந்திக்கொண்டேன்.

சிரித்து முடித்தாயிற்றா? சரி. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு லிங்கராஜபுரத்தில் வீட்டோடு இருப்பவனுக்கு இனிமேல் மானம் போய் என்ன ஆகப்போகிறது. முழுசாகவே சொல்கிறேன்.

நம் தொழிலில் 'கோஸ்ட்' என்று ஒரு வார்த்தை உண்டு. சீக்கிரமே உங்கள் காதில் விழும். சம்பளப் பட்டியலில் பெயர் இருக்கும், ஆள் இருக்கமாட்டார். யாரோ அந்தப் பெயரில் வருகை போட்டுக்கொண்டிருப்பார்கள். நான் சேர்ந்தபோது இருந்த பெரியவர், முதல் நாளே பல் குத்திக்கொண்டு சொன்னார்: "தம்பி, துணி தைக்கிறது அவங்க வேலை. பேய் புடிக்கிறது நம்ம வேலை." அப்போது வேடிக்கையாக இருந்தது. நானும் புதிதாக வருபவர்களிடம் எல்லாம் அதையே ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையிலேயே ஒன்று வரும் வரை.

அவள் பெயர் செலின். ஃபினிஷிங் செக்‌ஷனில் இருந்தாள். கோலார் தங்க வயல் பக்கத்திலிருந்து விடியற்காலை ரயில் பிடித்து, சிட்டி ஸ்டேஷனில் இறங்கி, ஒக்கலிபுரம் வழியாக நடந்து வரும் கூட்டத்தில் ஒருத்தி. கடைசிக் காலத்தில் அவள் நடை மெதுவாகிக்கொண்டே போனது. முகம் ஊதியது. எல்லாரும் "என்ன செலின், நல்லா பூசினாப்ல ஆயிட்டே" என்று கேலி செய்தோம். எல்லாரும் என்று பொதுவாகச் சொன்னாலும் கேலியில் முக்கால்வாசி என்னுடையதுதான். குரலும் மாறியது. கம்பளிக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுவதுபோல, கரகரவென்று, ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு பேசினாள். அந்தச் சமயத்தில்தான் கேட்டில் முகம் பார்க்கும் மிஷின் வைத்தார்கள். எல்லார் முகத்தையும் அதில் ஏற்றினோம். செலினுடையதையும் ஏற்றினோம். ஆக, மிஷினுக்குத் தெரிந்த செலின் அந்த ஊதிய முகச் செலின்தான். அதற்கு முந்தியவளை அது பார்த்ததே இல்லை.

அந்த வருடக் குளிரில் ஒரு காலை அவள் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் இதயம் நின்றுவிட்டது என்றார்கள். இதயம் ஏன் நின்றது என்று யாரும் கேட்கவில்லை. மாலை வாங்கிக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு வந்தோம்.

இங்கே நம் டிபார்ட்மெண்டின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஒருவர் வேலையை விட்டாலோ உலகத்தை விட்டாலோ, கம்ப்யூட்டரில் பெயரை நிறுத்திவிடுவோம். ஆனால் கேட்டில் இருக்கும் மிஷினுக்குள் முகம் அப்படியே கிடக்கும். அதைத் தனியாக அழிக்க மிஷின் கம்பெனிக்காரர் வர வேண்டும். அவர் வரும்போது மொத்தமாக அழித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவது எல்லா ஃபேக்டரியிலும் வழக்கம். அதனால் கேட்டில் நிற்கும் அந்தச் சின்னப் பெட்டிக்குள் வேலையை விட்டுப்போனவர்களும் செத்துப்போனவர்களும் கண்ணை விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நீங்கள் நாளைக் காலை அதன் முன்னால் முகம் காட்டும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். நான் அன்றிலிருந்து நினைக்காத நாள் இல்லை.

செலினின் தங்கை பியூலா தையல் லைனில் இருந்தாள். ஒல்லி. வாய் மட்டும் ஒல்லி இல்லை. மிஷின் முன்னால் நின்று, அது "தேங்க் யூ" என்றதும், "பரவால்ல, இருக்கட்டும்" என்று பதில் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவாள். என்னைப் பார்த்தால், "இன்னாண்ணா, உங்க மிஷினுக்குக் கீற மரியாதைகூட உங்களுக்கு இல்லியே, ஒரு தேங்க்ஸ் சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க?" என்பாள். வேகமான கை. அவளுடைய லைன் சூப்பர்வைசர் அவளை மற்றவர்களுக்கு உதாரணம் காட்டுவார்.

பிறகு மிஷின் அவளிடம் தயங்க ஆரம்பித்தது.

முதலில் ஒரு விநாடி. பிறகு, "ப்ளீஸ் ட்ரை அகெய்ன்". அவள் முன்னால் வருவாள், பின்னால் போவாள், தலையில் கட்டிய ஸ்கார்ஃபை இழுத்துவிடுவாள். முடி கொட்டுகிறது என்று ஸ்கார்ஃப் கட்ட ஆரம்பித்திருந்தாள். வரிசை பின்னால் முணுமுணுக்கும். கடைசியில் எப்படியோ ஏற்றுக்கொள்ளும். "பரவால்ல" என்ற பதில் எப்போது நின்றுபோனது என்று எனக்கு ஞாபகம் இல்லை. அது நின்றதைக் கவனிக்காமல் விட்டது டைம் ஆபீசருக்கு அழகா என்று கேட்டால், இல்லைதான். வருகிறவர்களைப் பார்க்கத்தான் நமக்குச் சம்பளம். நாம் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

ஏப்ரல் மாதம். ஃபேன் அடியில் உட்கார்ந்திருந்த எனக்கே சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. என் போன் அடித்தது. திரையில் 'செலின் ஃபினிஷிங்' என்று வந்தது.

நானும் முதல் விநாடி எதையும் யோசிக்கவில்லை. பழக்கத்தில் எடுத்துவிட்டேன்.

"அண்ணா…" என்றது குரல். கரகரவென்று, கம்பளிக்குள்ளிருந்து. நடுவில் மூச்சு. "இன்னிக்கு… லேட்டா வர்றேண்ணா."

"யாருங்க?"

"நான்தாண்ணா."

"நான்தான்னா?"

"என் குரல்… தெரியலியா?"

தெரிந்ததுதான் பிரச்சினை. போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தேன். அது மறுபடி அடித்தது. அதன்மேல் தொப்பி ஒன்றை வைத்து மூடினேன். தொப்பிக்குள்ளிருந்தும் அடித்தது. கேட்டில் இருந்த செக்யூரிட்டி நாகப்பா, "சார், போன் எடுக்கலியா?" என்றார். "ராங் நம்பர்" என்றேன். அந்த நம்பரைவிடச் சரியான நம்பர் என் வாழ்க்கையில் வந்ததில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மனதைத் தேற்றிக்கொண்டு, கேட்டில் போய் நாகப்பாவோடு நின்றேன். கூட்டத்தோடு நின்றால் பேய் வராது என்று ஒரு நம்பிக்கை. ஷிஃப்ட் ஆரம்பித்துவிட்டதால் தெரு காலியாக இருந்தது. ஒக்கலிபுரம் பக்கமிருந்து ஒருத்தி மட்டும் வந்துகொண்டிருந்தாள். அந்த வெயிலில் ஸ்வெட்டர். காலைத் தூக்கிவைக்காமல், தரையோடு தேய்த்து நடந்தாள். மிஷின் முன்னால் வந்து நின்றாள். தலையைக் குனிந்தபடியே வந்ததால் முகம் எனக்குத் தெரியவில்லை, இப்போதும் முதுகுதான். மிஷின் தயங்கவே இல்லை. பச்சை. திரையில் பெயர்: செலின்.

"தேங்க் யூ."

பிறகு நடந்த கோடவுன் சமாசாரம்தான் உங்களுக்குத் தெரியுமே. அங்கே குந்தியிருந்தபடி தெரிந்த புனிதர்கள் எல்லாரையும் கூப்பிட்டேன். போதாதென்று நாகப்பா கும்பிடும் முனேஸ்வரனையும் சேர்த்துக்கொண்டேன். அவசரத்துக்கு யார் முதலில் வருகிறாரோ வரட்டும் என்று.

தேடிக்கொண்டு வந்தவர் நாகப்பாதான்.

"சார், வெளிய வாங்க. அது பியூலா சார்."

"பேரு செலின்னு வந்துதே?"

"அதுதான் கொத்தில்ல சார், தெரியல. மிஷினுக்கு என்னமோ ஆகிருக்கு. நான் ஒண்ணு செய்றேன்," என்றார் தன் கன்னடத் தமிழில். மறுநாள் வருவதற்குள் மிஷினுக்கு மேல் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டிருந்தார். எலுமிச்சம்பழம் சரியாகக் காமிராவுக்கு முன்னால் ஆடியது. ஒருத்தர் முகமும் ஏறவில்லை. தெருக்கோடி வரை வரிசை. நானும் நின்று முகம் காட்டினேன். "ப்ளீஸ் ட்ரை அகெய்ன்." சட்டைக்குள் ஜெபமாலை, கழுத்தில் மஃப்ளர், ராத்திரி தூங்காத கண். மறுபடி "ட்ரை அகெய்ன்". ஒருவேளை கோடவுனிலேயே என் கதை முடிந்துவிட்டதோ, தகவல் எனக்கு மட்டும் இன்னும் வரவில்லையோ என்று மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டேன். பின்னால் நின்ற பெண், "சார், லெமனத் தூக்கிட்டுப் பாருங்க" என்றாள்.

எலுமிச்சம்பழத்தைத் தூக்கினோம். எல்லாரும் ஏறினார்கள். பியூலா வந்தாள். செலின் என்றது.

மனிதவளப் பிரிவு மேடம் அன்றே கூப்பிட்டுவிட்டார். வேலையை விட்டவர்கள் பெயரில் வருகை விழுந்தால் கம்ப்யூட்டர் சிவப்பில் காட்டிக்கொடுத்துவிடும். மேடத்துக்குப் பேய், பிசாசில் நம்பிக்கை கிடையாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் நம் தொழில் பேய்தான்.

"இது ப்ராக்ஸி. செத்துப்போன அக்கா பேர்ல தங்கை பஞ்ச் பண்றா. ஏற்கனவே அவமேல கம்ப்ளெய்ண்ட் இருக்கு. டார்கெட் வரல. டாய்லெட்ல தூங்கறா. எனக்கு இன்னிக்கே ரிப்போர்ட் பேக்கு, வேணும்."

"மேடம், பாவம், உடம்பு சரியில்லாத மாதிரி…"

"மெடிக்கல் கேம்ப்ல ரத்தம் பார்த்தாச்சு. தைராய்டு நார்மல், எல்லாம் நார்மல். கேட்டேன். ஏதோ டெக்னிகல்னா அவ முகத்தைப் புதுசா ஏத்துங்க. அதுக்கப்புறமும் இப்படி வந்தா வேலையை விட்டு அனுப்பறேன். ரெண்டு நிமிஷ வேலை தானே?"

ரெண்டு நிமிஷ வேலைதான். நீங்களும் தினம் அதைச் செய்யப்போகிறீர்கள். ஒருவர் தாடி வளர்ப்பார், ஒருவர் இளைப்பார், ஒருவருக்கு விபத்து. மிஷின் திணறினால் உட்காரவைத்துப் புது முகம் எடுப்போம். திரையில் இடப்பக்கம் பழைய முகம், வலப்பக்கம் புதுசு. கீழே ஒரு கேள்வி: பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கவா? ஆமாம் என்று அமுக்குவோம். அந்த ரெண்டு முகத்தையும் நின்று பார்த்தவர் யாராவது உண்டா? நானும் அதுவரை பார்த்ததில்லை.

பியூலா வந்து காமிரா முன்னால் உட்கார்ந்தாள். அவள் அடையாள அட்டையை வாங்கும்போது விரல் பட்டது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாத்திரத்தைத் தொட்டதுபோல் இருந்தது. பேய் என்றால் சில்லென்று இருக்கும் என்று எங்கேயோ கேட்டது ஞாபகம் வந்து, நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டேன்.

"நேத்து போன் பண்ணது…"

"நான்தாண்ணா. அக்கா போன்தான் இப்ப… நான் வெச்சிருக்கேன். நீங்க ஏன்… கட் பண்ணீங்க?"

"சிக்னல்," என்றேன்.

படம் எடுத்தேன். திரையில் ரெண்டு முகமும் வந்தன. இடப்பக்கம் பழைய பியூலா. கன்ன எலும்பு, கூர்மையான கண், இப்போதே ஏதோ சொல்லப்போகிற உதடு. வலப்பக்கம்…

"அமுக்குங்கண்ணா," என்றாள் பியூலா. "அமுக்கிட்டா முடிஞ்சிடும்ல? மேடம் வேலய விட்டு எடுத்துட்டா… அம்மாவ நான் எப்படிப் பாப்பேன்? புது மூஞ்சிய வெச்சிக்கோங்க."

என் விரல் பட்டன்மேல்தான் இருந்தது. உண்மையாகச் சொல்கிறேன், அமுக்கத்தான் இருந்தேன். அமுக்கினால் அவளுக்கு உதவி. எனக்கும் செலின் தொல்லை விட்டது. மிஷின் திருப்தி, மேடம் திருப்தி, நாகப்பாவுக்கு எலுமிச்சம்பழம் மிச்சம். என்னைத் தடுத்தது புத்தி இல்லை, பயம்தான். வலப்பக்க முகத்தைப் பார்த்துவிட்டேன். புருவத்தின் வெளிமுனை இல்லை. கண் இமை ரெண்டும் மாவு பிசைந்து ஒட்டியதுபோல.

திரையை அவள் பக்கம் திருப்பினேன்.

"நீயே பாரு."

அவள் இடப்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. வலப்பக்க முகத்தைத்தான் பார்த்தாள். வெகுநேரம். கையை நீட்டி, திரையில் அந்தக் கன்னத்தைத் தொட்டாள்.

"அக்கா போட்டோ… எங்கேருந்து எடுத்தீங்கண்ணா? கடைசில அவ போட்டோவே… எடுக்க விடல. எங்கிட்டகூட இல்ல."

என் நாற்காலி இன்னும் கொஞ்சம் பின்னால் போனது.

"பியூலா," என்றேன். "அது அக்கா இல்ல. இப்ப எடுத்தது. நீ."

அவளுக்குக் கோபம் வந்தது. கோபம்கூட மெதுவாகத்தான் வந்தது. தூரத்திலிருந்து நடந்து வருவதுபோல. கைப்பையைத் திறந்து, மடித்த ரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்து மேசையில் அடித்தாள்.

"நார்மல்னு போட்ருக்கு. படிச்சவங்க போட்டது. உங்க மிஷின்தான்… கெட்டுப்போச்சு. என்னைச் செத்தவன்னு சொல்றீங்களா? அமுக்குங்கண்ணா!"

இப்போது என் முன்னால் ரெண்டு மிஷின்கள் இருந்தன. ரத்தம் பார்த்த மிஷின் இவள் நன்றாக இருக்கிறாள் என்கிறது. முகம் பார்த்த மிஷின் இவள் இவளே இல்லை என்கிறது. படித்த மிஷினை நம்புவதா, கேட்டில் எலுமிச்சம்பழத்தோடு நிற்பதை நம்புவதா? போன் அடித்தது. மேடம்.

"ஆயித்தா? முடிஞ்சுதா?"

"இன்னும் இல்ல மேடம். மிஷின் ஹேங் ஆயிடுச்சு."

ஹேங் ஆகியிருந்தது நான்தான். ஆனால் அந்தப் பொய்யைச் சொன்னதும் என்ன செய்ய வேண்டும் என்று தெளிவாகிவிட்டது. 'இல்லை' என்பதை அமுக்கினேன். ஆனால் படத்தை விடவில்லை. பழைய பியூலா, இன்றைய பியூலா, மிஷினுக்குள் உட்கார்ந்திருந்த செலின், மூன்று முகத்தையும் ஒரே தாளில் பிரிண்ட் எடுத்தேன். நம் ஃபேக்டரிக்கு மதியம் ஒரு டாக்டர் வருவார், கைக்காயத்துக்குக் கட்டுப்போட, தலைவலிக்கு மாத்திரை கொடுக்க. பியூலாவை அவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். கூட்டிக்கொண்டு என்பது மரியாதைக்குச் சொல்வது. அவள் அடையாள அட்டை என் சட்டைப்பையில் இருந்தது. அது இல்லாமல் அவள் லைனுக்குப் போக முடியாது. வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே, சுவரைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். "இது நான் பார்த்ததுதானே. தைராய்டு கரெக்டா இருக்கு. சத்துக் குறைவா இருக்கும்."

"சார், ரிப்போர்ட்ட வைங்க. இதப் பாருங்க." தாளை நீட்டினேன்.

அவர் மூன்று முகத்தையும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"முதல்ல இருக்கிறதும் நடுவுல இருக்கிறதும் ஒரே ஆளா?"

"ஆமா சார். இவங்கதான்."

"மூணாவது?"

"இவங்க அக்கா சார்."

"அவங்களையும் வரச் சொல்லுங்க. ரெண்டு பேரையும் சேர்த்துப் பார்க்கணும்."

பியூலாதான் சொன்னாள், "அவ வரமாட்டா சார். குளிர்ல… தூங்கினா. எழுந்திரிக்கல."

அந்த அறையில் அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்தார். நாடியைப் பிடித்தார். பிடித்துக்கொண்டே இருந்தார். அடுத்த துடிப்பு வருமா என்று மூன்று பேரும் காத்துக்கொண்டிருந்தோம். கழுத்தைத் தொட்டார், முழங்காலில் தட்டினார். பிறகு, நான் எதிர்பார்க்காத கேள்வி ஒன்று கேட்டார்.

"ஏதாவது மாத்திரை சாப்பிடுறியாம்மா? நாட்டு மருந்து, சத்து மாத்திரை, ஆன்லைன்ல வாங்கினது, எதுவானாலும் சொல்லு."

"மாத்திரைல்லாம் ஒண்ணும் இல்ல சார். முடிக்குத்தான்."

"முடிக்கு?"

கைப்பையிலிருந்து டப்பா வந்தது. மேலே நீளக் கூந்தல் பெண் படம். தினமும் காலையில் ரயிலில் டீயோடு போட்டுக்கொள்வாளாம். முடி அதிகம் கொட்டியதால் இன்னொன்றும் சேர்த்துப் போட ஆரம்பித்தாளாம். ரத்தம் எடுத்த காலையிலும் போட்டிருந்தாள். டாக்டர் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தார். 'பயோட்டின்' என்று ஒரு விட்டமின், பெரிய அளவில்.

"சில லேப் மிஷினோட கண்ணுல இது மண்ணைத் தூவிடும்," என்றார். "உடம்புல தைராய்டு சத்தே இல்லாம இருக்கலாம். இந்த மாத்திரை ரத்தத்துல நிறைய இருந்தா, எல்லாம் சரியா இருக்குன்னு மிஷின் சொல்லிடும். லேப்காரங்க தப்பு பண்ணல. அவங்ககிட்ட யாரும் சொல்லல. நானும் கேக்கல."

எனக்கு அது உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. தைராய்டு குறைந்ததால் முடி கொட்டியது. முடி கொட்டியதால் மாத்திரை போட்டாள். அந்த மாத்திரை தைராய்டு குறைந்ததையே மறைத்துவிட்டது. உள்ளே வந்த திருடன், வீட்டுக்காரி கையாலேயே விளக்கை அணைக்கவைத்த மாதிரி. எந்தப் பேய்க்கும் இந்தத் தந்திரம் வராது.

"மாத்திரைய நிறுத்திட்டு, சில நாள் கழிச்சுத் திரும்ப டெஸ்ட் எடுக்கணும்னுதான் சாதாரணமா சொல்லுவேன்," என்றார் டாக்டர். "இவங்களுக்குச் சொல்லமாட்டேன். நாடி ரொம்ப மெதுவா இருக்கு, உடம்பு சில்லுனு இருக்கு. இப்பவே ஆஸ்பத்திரில சேர்க்கணும். வேற முறையில டெஸ்ட் பண்ற லேபுக்கு ரத்தம் அனுப்பச் சொல்லி நான் பேசறேன்."

கதவைத் திறந்துகொண்டு மேடம் வந்தார். "என்ன சார் இது, மிஷின் ஹேங்குன்னு சொல்லிட்டு இங்க…" என்று ஆரம்பித்தவர், மேசைமேல் இருந்த தாளைப் பார்த்தார். செலினை அவருக்கும் தெரியும். நடுவில் இருந்த முகத்தில் விரலை வைத்து, "செலின் போட்டோ எதுக்கு ரெண்டு வெச்சிருக்கீங்க?" என்றார்.

பிறகு நாற்காலியில் இருந்த பியூலாவைப் பார்த்தார். திரும்பவும் தாளைப் பார்த்தார்.

"ஆம்புலன்ஸ் வர டிராஃபிக்ல லேட் ஆகும்," என்றார். "என் கார்ல போங்க."

காரில் ஏறும்போது பியூலா என் கையைப் பிடித்தாள். அந்தச் சில்லிப்பு எனக்கு இன்னும் மறக்கவில்லை. "வேல… போயிடாதில்லண்ணா?" என்றாள். ஆள் பிழைப்பாளா என்று நாங்கள் பயந்துகொண்டிருக்கிறோம், அவளுக்கு வருகைக் கவலை. "அட்டை எங்கிட்டதான் இருக்கு, வந்து வாங்கிக்கோ" என்றேன்.

வேறு லேபிலிருந்து வந்த முடிவை டாக்டர் எனக்குப் போனில் சொன்னார். முந்தைய தாளுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, ரெண்டு வேறு ஆட்களின் ரத்தம் மாதிரி என்றார். இன்னொரு குளிர்காலம் தாங்கியிருக்கமாட்டாள் என்றும் சொன்னார். செலினுக்கும் இதே நோய் இருந்திருக்குமா என்று கேட்டேன். இனி நிரூபிக்க முடியாது, ஆனால் அக்கா தங்கைகளுக்கு வருவது உண்டு, அந்த முகம் அப்படித்தான் சொல்கிறது என்றார். செலினின் ரத்தத்தை யாரும் பார்த்ததில்லை. அவள் முகத்தைப் பார்த்தோம், கேலி செய்தோம்.

இதற்கு நடுவில் எனக்கு வந்த வியாதியைச் சொல்லாவிட்டால் கதை நிறைவடையாது. கழுத்தில் ஏதோ இருப்பதாகத் தோன்றியது. குரல் கரகரப்பதாகத் தோன்றியது. சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் ஒரு தெரிந்தவர் என்னை அடையாளம் கண்டுகொள்ளாமல் போனதும் முடிவே செய்துவிட்டேன். போய் ரத்தம் கொடுத்தேன். நார்மல் என்று வந்தது. சாதாரண மனிதன் சந்தோஷப்படுவான். நான் வீட்டுக்கு ஓடி, "எனக்குத் தெரியாம முடி மாத்திரை ஏதாவது சோத்துல கலக்குறியா?" என்று மனைவியைக் கேட்டேன். அவள் என் தலையை நிதானமாகப் பார்த்துவிட்டு, "எந்த முடிக்கு?" என்றாள். அதோடு குணமாகிவிட்டேன்.

பியூலா திரும்பி வர மாதங்கள் ஆயின. புது முகம் ஏற்றாமல் விட்டிருந்தேன் அல்லவா, அவளுடைய பழைய முகம் மட்டும்தான் மிஷினில் இருந்தது. அவள் வந்த காலையில் நான், நாகப்பா, மேடம் மூன்று பேரும் ஏதோ சாக்குச் சொல்லிக்கொண்டு கேட் பக்கமே நின்றோம். ஸ்வெட்டர் இல்லை. காலைத் தூக்கிவைத்து நடந்தாள். மிஷின் முன்னால் நின்றாள்.

அது தயங்கியது. நாகப்பா கண்ணை மூடிக்கொண்டார். நான் கோடவுன் இருக்கும் திசையைப் பார்த்து வைத்துக்கொண்டேன்.

பச்சை. பியூலா. "தேங்க் யூ."

"பரவால்ல, இருக்கட்டும்," என்றாள் பியூலா.

மேடம் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, வெயில் அதிகம் என்று கன்னடத்தில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலை பியூலா டைம் ஆபீசுக்கு வந்தாள். அக்காவைப் பார்க்க வேண்டும் என்றாள். செலினின் பக்கத்தைத் திறந்து காட்டினேன். அவளுக்கென்று ஒரு பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். மிஷின் கம்பெனிக்காரர் மறுநாள் வருவதாக இருந்தார். பழைய முகங்கள் மொத்தமும் அழியப்போகின்றன என்று சொன்னேன்.

"அவளையுமா?"

"ரூல் அப்படித்தான்."

பியூலா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மாத்திரை காலம் பூரா சாப்பிடணும்னு சொல்லிருக்காங்கண்ணா. எனக்கு என்னைத் தெரியும். நல்லாயிடுச்சுன்னு நடுவுல நிறுத்தினாலும் நிறுத்துவேன். அப்ப எனக்குத் தெரியாது. வீட்ல தெரியாது. நீங்க எல்லாம் பூசினாப்ல கீறேன்னு சிரிப்பீங்க. இவ ஒருத்திக்குத்தான் தெரியும்."

மறுநாள் கம்பெனிக்காரர் வந்தார், அழித்தார், போனார். வேலையை விட்டவர்கள் எல்லாரும் அந்தப் பெட்டியை விட்டுப் போனார்கள், ஒரு முகத்தைத் தவிர. மேடத்துக்குத் தெரியும். கேட்டால் தெரியாது என்பார்.

ஆகவே, புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, உங்களிடம் ஒப்படைக்க எனக்கு இருப்பது இது ஒன்றுதான். கம்ப்யூட்டரில் நிறுத்தப்பட்ட பெயர் ஒன்று கேட் மிஷினில் இன்னும் இருக்கும். சுத்தம் செய்கிறேன் என்று கிளம்பி அதை அழித்துவிடாதீர்கள். புது மிஷின் வந்தால் பழைய முகங்களில் எதையெல்லாம் அதில் ஏற்ற வேண்டும் என்று கேட்பார்கள். அந்த முகத்தையும் ஏற்றச் சொல்லுங்கள். என்றைக்காவது ஒரு காலையில் அது செலின் என்று காட்டி 'தேங்க் யூ' சொன்னால், ஓடாதீர்கள். ஓடியே ஆக வேண்டும் என்றால், கோடவுன் பக்கம் வேண்டாம். தையல் லைனுக்கு ஓடுங்கள். பியூலாவின் கையைத் தொட்டுப் பாருங்கள்.